டப்பா ரெண்டான கதை

முன்குறிப்பு: பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க. நடுவுல எண்கள் வரும், பயப்படாதீங்க, கடைசியில பரீட்சை கிடையாது :-)

நான் ஆணி புடுங்கற இடம் தேர்வாய் கண்டிகை சிப்காட். மென்பொருள்காரனுக்கு கும்மிடிப்பூண்டி பக்கம் என்ன வேலைன்னு கேக்கறவங்களுக்கு: ஃபாக்டரி மெஷினுக்கும் பொட்டி தட்ட ஆள் வேணும் சாமி. அங்க கூட வேலை பாக்கற தம்பி ஒருத்தன் மதிய சாப்பாட்டு நேரத்தில கேட்டான். "அண்ணே, வீட்டு வைஃபைல பாட்டு கேக்க ஸ்ட்ரீமர் வாங்கப் போறேன். இருபதாயிரம் சேத்து வச்சிருக்கேன். எல்லாம் உள்ளயே இருக்கற ஒரே டப்பாவா வாங்கவா, இல்ல சின்ன ஸ்ட்ரீமர் ஒண்ணு, தனி டாக் ஒண்ணுன்னு ரெண்டா வாங்கவா? எதுல சவுண்டு நல்லா இருக்கும்?"

பதிலை ஒரு வரியில சொல்லிட்டேன். சவுண்டுல பெரிசா வித்தியாசம் தெரியாது, ஆனாலும் ரெண்டாவே வாங்கு. அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான். வித்தியாசம் இல்லேன்னா எதுக்கு ரெண்டு? நியாயமான கேள்வி. அதுக்கு பதில் நாப்பது வருஷத்துக் கதையில இருக்கு. சாப்பாட்டு நேரம் அரை மணிதான்கிறதால மிச்சத்தை இங்க எழுதறேன்.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. கம்ப்யூட்டர்லயும் சிடிலயும் பாட்டு வெறும் எண்களா இருக்கு. ஸ்பீக்கருக்கு எண் புரியாது, ஏறி இறங்கற மின்னழுத்தம்தான் புரியும். எண்ணை மின்னழுத்தமா மாத்தற சில்லுதான் டாக். ஸ்ட்ரீமர்ங்கறது நெட்வொர்க்குல எண்களை வாங்கிக் குடுக்கற ஆளு. கடையில விக்கற நிறைய ஸ்ட்ரீமர்ல டாக்கும் உள்ளயே இருக்கும். சண்டை என்னன்னா, உள்ள இருக்கற டாக் போதுமா, வெளியில தனியா ஒண்ணு வேணுமா.

சண்டை ஆரம்பிச்சது ஸ்ட்ரீமர்னு ஒரு சாமான் பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி. 1982 அக்டோபர் 1 அன்னிக்கு சோனி ஜப்பான்ல சிடிபி-101ங்கற சிடி பிளேயரை வித்தது. விலை 1,68,000 யென். உள்ள ஒரே ஒரு 16 பிட் டாக். ஸ்டீரியோவுக்கு ரெண்டு சேனல் வேணுமே? அந்த ஒரே சில்லு இடது பக்கத்துக்கு ஒரு எண், வலது பக்கத்துக்கு ஒரு எண்ணுன்னு மாறி மாறி வேலை பாத்தது. ஒரே சர்வர் ரெண்டு பந்திக்கும் சாம்பார் ஊத்தின மாதிரி. அதனால ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தை விட 11 மைக்ரோ செகண்ட் லேட்டு. அந்த நேரத்தில சத்தம் காத்துல போற தூரம் நாலு மில்லிமீட்டர் கூட வராது. உங்க தலையை லேசா ஆட்டினாலே அதை விட அதிகம் மாறும்.

அதே சமயத்தில பிலிப்ஸ் பண்ணினது வேற வழி. அவங்க கையில இருந்த டிடிஏ1540 சில்லு 14 பிட்தான். 14 பிட்டே போதும்னு அவங்க சொல்ல, 16தான் வேணும்னு சோனி ஒத்தக்கால்ல நின்னு ஜெயிச்சிட்டாங்க. பிலிப்ஸ் சும்மா இருக்கலை. அவங்களோட சிடி100 பிளேயர்ல எண்களோட வேகத்தை நாலு மடங்காக்கி, செகண்டுக்கு 1,76,400ஆ மாத்தி, வர்ற பிழையைக் காதுக்கு எட்டாத அலைவரிசைக்குத் தள்ளி, 14 பிட் சில்லுலயே ஏறக்குறைய 16 பிட் வேலையை வாங்கிட்டாங்க. இஞ்சினியரிங்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது. இல்லாத குறையை மூளையால ஈடு கட்டறது. நாம தினமும் கேக்கற எல்லா டாக் சில்லுலயும் அந்த டெக்னிக்கோட வாரிசுகள்தான் உக்காந்திருக்கு.

ஆக மொத விஷயம்: 1982ல ரெண்டு பிளேயருக்கும் உள்ள டாக் வேற வேற, செய்முறையும் வேற வேற. "எந்த டாக் நல்லா பாடுது"ங்கற பேச்சு அப்பவே வந்தாச்சு. அடுத்த சில வருஷத்தில சில்லுகள் வேகமா மாறிச்சு. பிலிப்ஸே 1985 வாக்குல டிடிஏ1541னு நெஜ 16 பிட் சில்லைக் கொண்டு வந்தது. ஆயிரக்கணக்கில காசு குடுத்து பிளேயர் வாங்கினவங்களுக்கு வயித்தெரிச்சல். சிடியைச் சுத்தற மோட்டாரும் லேசரும் நல்லாத்தான் இருக்கு, சில்லு மட்டும் பழசு. அப்ப சில்லை மட்டும் தனி டப்பாவில வச்சு வித்தா என்ன? 1980களோட பின்பாதியில சோனி அதைச் செஞ்சது, இங்கிலாந்துல ஆர்காம் பிளாக் பாக்ஸ்னு ஒண்ணு விட்டாங்க. பிளேயர் ஒரு டப்பா, டாக் ஒரு டப்பா. நடுவுல ஒரே ஒரு ஒயர்.

அந்த ஒயர்லதான் வில்லங்கம். அதுக்குப் பேர் எஸ்பிடிஃப். இதைப் புரிய வைக்க எங்க ஊரு ஏரியைத்தான் கூப்பிடணும்.

கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைச்சு ஒரு நீர்த்தேக்கம் கட்டி, 2020 நவம்பர் 21ல திறந்தாங்க. கொள்ளளவு 500 மில்லியன் கன அடி, அதாவது அரை டிஎம்சி. சென்னைக்குக் குடிதண்ணி. ஆந்திராவுல கண்டலேறுல திறந்து விடற கிருஷ்ணா தண்ணி கண்டலேறு-பூண்டி கால்வாய்ல வரும். வருமா, எப்ப வரும், எவ்வளவு வரும்கறதெல்லாம் நம்ம கையில இல்லை. ஒரு நாள் நிறைய, ஒரு நாள் கொஞ்சம். ஆனா ஏரியில தேக்கிட்டா அப்புறம் கவலை இல்லை. இந்தப் பக்கம் மதகுல சீரா, கணக்கா வெளியே விடலாம். கண்டலேறுல என்ன கூத்து நடந்தாலும் மதகுல அது தெரியாது, ஏரி வத்தாத வரைக்கும்.

இசைக்கும் இதே கணக்குதான். டாக் செகண்டுக்கு 44,100 எண்ணை வெளியே விடணும், ஒவ்வொண்ணும் சரியான நேரத்துக்கு. எண் சரியா இருந்து, நேரம் முன்னே பின்னே போனா, கிடைக்கற அலை தப்பா வரும். சங்கீதக்காரங்க பாஷையில சொன்னா ஸ்வரம் சரி, காலப்பிரமாணம் தடுமாறுது. இதுக்குப் பேர்தான் ஜிட்டர். எஸ்பிடிஃப் ஒயர்ல எண்ணும் கடிகாரமும் ஒண்ணாக் கலந்தே வருது. டாக் அந்த ஒயரைப் பாத்துத்தான் தன் கடிகாரத்தை அனுமானிக்கணும். அதாவது நடுவுல ஏரி கிடையாது. கால்வாய்லேருந்து நேரா வயலுக்கு மடை. மேல எவனோ மதகை ஆட்டினா இங்க பயிருக்கு ஆட்டம்.

1992ல சான் பிரான்சிஸ்கோவில நடந்த ஆடியோ இஞ்சினியரிங் சொசைட்டி மாநாட்டில கிறிஸ் டன், மால்கம் ஹாக்ஸ்ஃபோர்டுன்னு ரெண்டு பேர், இந்த இணைப்பு முறையே பழுதானதான்னு தலைப்பிலயே கேட்டு ஒரு கட்டுரை படிச்சாங்க. ஒயரோட குணம், போற எண்களோட வடிவம் இதெல்லாம் சேந்து கடிகாரத்தை எப்படி ஆட்டுதுன்னு கணக்குப் போட்டுக் காட்டினாங்க. அதாவது பாட்டே தன்னோட தாளத்தைக் கலைக்குது! உண்மையான பிரச்சினை, உண்மையான கணக்கு. ஆனா அது காதுல கேக்குமாங்கறது வேற கேள்வி. 1998ல பெஞ்சமின், கேனன்கறவங்க ஆட்களை உக்கார வச்சு சோதிச்சப்ப, இசையில 20 நானோ செகண்டுக்குக் கீழ உள்ள ஜிட்டரை யாராலயும் பிடிக்க முடியலை. ஜப்பான்ல 2005ல வந்த இன்னொரு ஆய்வுல சில நூறு நானோ செகண்டு வரைக்கும் போக வேண்டியிருந்தது. ஒழுங்கா வடிவமைச்ச எந்த டாக்கும் இப்ப ஒரு நானோ செகண்டைத் தாண்டறதே அபூர்வம். கட்டுரை கணக்கை மட்டும் கெட்டியாப் பிடிச்சிக்கிட்டு, கேக்குதாங்கற கேள்வியைக் காத்துல விட்டுட்டு, தங்க முலாம் பூசின ஒயர் வித்தவங்க நல்லா சம்பாதிச்சாங்கன்னு நினைக்கிறேன்.

சரி, டப்பா ரெண்டாச்சு. நெட்வொர்க்கு எங்க வந்தது?

நம்ம ஊர்ல டிஜிட்டலா வீட்டுக்கு வந்த மொத இசை ஓடை வைஃபைல வரலை, வானத்திலேருந்து வந்தது. வேர்ல்டுஸ்பேஸ் ஞாபகம் இருக்கா மக்களே? நோவா சமாராங்கற எத்தியோப்பியாக்காரர் 1990ல ஆரம்பிச்ச கம்பெனி. அவங்களோட ஏசியாஸ்டார் செயற்கைக்கோள் 2000 மார்ச் 21 அன்னிக்கு மேல போச்சு. அதே ராக்கெட்ல கூடப் போனது நம்ம இன்சாட்-3பி. (எங்க ஊர்லேருந்து பாத்தா ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் நல்லாத் தெரியும். ஆனா இது ஏரியான்-5, தென் அமெரிக்காவுல கூரூலேருந்து போனது. ஹூம்.) ஜன்னலோரம் சின்ன ஆன்டெனாவை கிழக்குப் பக்கமா வானத்தைப் பாக்க வச்சா, கர்நாடக சங்கீதத்துக்குன்னே ஸ்ருதி, தமிழுக்கு கேஎல் ரேடியோ, இந்துஸ்தானிக்கு கந்தர்வ். இருபத்துநாலு மணி நேரமும் கச்சேரி. சபா டிக்கெட் எடுக்காம ராகம் தானம் பல்லவி. ஏ.ஆர்.ரஹ்மான் விளம்பரத்துக்கு வந்தார். எங்க பெரியப்பா வீட்டில ஒண்ணு இருந்தது. சின்னப் பையனா இருந்தப்ப அந்த ஆன்டெனாவைத் தொடக் கூடாதுன்னு எனக்கு சட்டமே போட்டிருந்தாங்க.

தரம் எப்படி? சிடியில செகண்டுக்கு 1,411 கிலோபிட். வேர்ல்டுஸ்பேஸ் சேனல்கள் 16லேருந்து 128 கிலோபிட்டுக்குள்ள எம்பி3 மாதிரி சுருக்கி வந்தது. அதுக்கான சில்லு செஞ்ச ரெண்டு கம்பெனியில ஒண்ணு ஜெர்மனியில ஃப்ரைபர்க் நகரத்து இன்டர்மெட்டல், பின்னாடி மைக்ரோனாஸ்னு பேர் மாறினது. 1998ல வந்த டயமண்ட் ரியோங்கற பாக்கெட் எம்பி3 பிளேயருக்குள்ள இருந்ததும் மைக்ரோனாஸ் சில்லுதான். அதாவது பாக்கெட்டில வந்த எம்பி3யும் பெரியப்பா வீட்டு சங்கீதமும் ஒரே குடும்பம். சுருக்கின சத்தம்தான், தம்புராவோட மேல்சுருதியில கொஞ்சம் மணல் கலந்த மாதிரி இருக்கும். ஆனா மீடியம் வேவ்ல கரகரன்னு கேட்டுப் பழகின காதுக்கு அது தேன்.

2008 அக்டோபர்ல தாய்க் கம்பெனி அமெரிக்காவுல திவால் மனு போட்டது. 2009 டிசம்பர் 31ஓட இந்தியாவுல ஒலிபரப்பு நின்னு போச்சு. செயற்கைக்கோளுக்கு ஒண்ணும் ஆகலை. வீட்டில இருந்த ரேடியோவுக்கும் ஒண்ணும் ஆகலை. உள்ள இருந்த டாக், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் ஜம்முனு இருந்தது. சில மாடல்ல எஃப்எம்மும் மீடியம் வேவும் இருந்ததால அது மட்டும் மிச்சம். மத்ததெல்லாம் காகிதம் பறக்காம வைக்கத்தான் லாயக்கு.

இதையும் பழைய ரேடியோவையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. சென்னையில 1924ல கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில ஆரம்பிச்ச ரேடியோ கிளப் 1927ல காசில்லாம மூடிச்சு. டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சி வாங்கி 1930 ஏப்ரல் 1லேருந்து ஒலிபரப்பினாங்க. மெரினாவுலயும் பூங்காவுலயும் ஒலிபெருக்கி கட்டி சனங்களைக் கேக்க வச்சாங்க. 1938 ஜூன் 16ல ஆல் இந்தியா ரேடியோ வந்து மொத்தமா எடுத்துக்கிட்டது. ஒலிபரப்பறவங்க ரெண்டு தடவை மாறினாங்க. வீட்டு செட்டை யாரும் தூக்கிப் போட வேண்டி வரலை. ஏன்னா மீடியம் வேவ் யாரோட சொத்தும் இல்லை, பூட்டும் இல்லை. சாவி கம்பெனி கையில இருக்கற டப்பாவுக்கும் சாவியே இல்லாத டப்பாவுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

வேர்ல்டுஸ்பேஸ் மேல பறந்துக்கிட்டு இருந்த அதே காலத்தில கலிஃபோர்னியாவுல ஷான் ஆடம்ஸ்னு ஒரு பையன் 2001ல ஸ்லிம்பி3ன்னு ஒரு டப்பா செஞ்சார். கம்ப்யூட்டர்ல இருக்கற எம்பி3யை ஈதர்நெட் ஒயர்ல ஹாலுக்குக் கொண்டு வந்து பாட வைக்கறது. அந்த கம்பெனிதான் ஸ்லிம் டிவைசஸ். 2003ல ஸ்குவீஸ்பாக்ஸ். அந்த 2001லதான் சத்தத்துல ஒரு துளி கூட இழக்காம சுருக்கற ஃபிளாக்கோட முதல் முழுப் பதிப்பும் வந்தது. 2004ல ஆப்பிள் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ்னு ஒண்ணு விட்டது. பவர் அடாப்டர் சைசுல இருக்கும். வைஃபைல பாட்டு வாங்கி ஆப்டிக்கல் ஒயர்லயும் குடுக்கும், வெளி டாக்குல சொருகிக்கலாம். 2005ல சோனோஸ். 2007ல ஸ்காட்லாந்து லின் கம்பெனி கிளைமாக்ஸ் டிஎஸ்னு பணக்காரங்களுக்கு ஒண்ணு விட்டது. ரெண்டு மூணு வருஷத்தில சிடி பிளேயர் செய்யறதையே நிறுத்திட்டாங்க.

இங்கதான் ஒரு வேடிக்கை. ஸ்ட்ரீமர்ல ஏரி இருக்கு! நெட்வொர்க்குல எண்கள் பொட்டலம் பொட்டலமா வரும். சிலது லேட்டு, சிலது தொலையும், தொலைஞ்சதை மறுபடி கேட்டு வாங்கிக்கும். எல்லாம் மெமரியில சில செகண்டுக்குத் தேங்கும். மதகுக்குப் பக்கத்துலயே ஒரு படிகக் கடிகாரம் உக்காந்து செகண்டுக்கு 44,100னு சீரா விடும். 1992 கட்டுரையில சொன்ன கால்வாய்க் கோளாறு ஒரே டப்பா ஸ்ட்ரீமர்ல அடிப்படையிலயே இல்லை. (ஆடியோவுக்குன்னே ஸ்பெஷல் ஈதர்நெட் ஒயர் விக்கறாங்க பாருங்க, கண்டலேறு மதகுக்குப் பெயின்ட் அடிச்சா சென்னை தண்ணி இனிக்கும்னு சொல்ற மாதிரி.) அப்படிப் பாத்தா ஸ்ட்ரீமரோட எண்களை எஸ்பிடிஃப்ல வெளி டாக்குக்கு அனுப்பறதுதான் பின்னோக்கிப் போறது. ஏரியைக் கட்டிட்டு, ஏரிக்குக் கீழ மறுபடி ஒரு கால்வாய் வெட்டின மாதிரி.

டாக் செய்யறவங்க சும்மா இருப்பாங்களா? 2000களோட தொடக்கத்தில பெஞ்ச்மார்க் டாக்1 மாதிரியான டப்பாக்கள் உள்ள வர்ற எண்களைத் தன்னோட சொந்தக் கடிகாரத்துக்கு மறுபடி கணக்குப் போட்டு மாத்திக்கிட்டது. வேவ்லெங்த் ஆடியோ கார்டன் ராங்கின் யுஎஸ்பில வேற வழி பிடிச்சார். கடிகாரம் டாக் கிட்டயே இருக்கட்டும், தேவைக்கேத்தபடி டாக்கே கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கிக்கட்டும். கடைமடை விவசாயி ஃபோன் போட்டு "இன்னும் கொஞ்சம் விடு, போதும் நிறுத்து"ன்னு சொல்ற மாதிரி. 2009ல அயர் கியூபி-9 அதை உபயோகிச்சு வந்தது. அப்புறம் அது எல்லாருக்கும் சாதாரணம் ஆயிடுச்சு. பத்து டாலர் கூட வராத, ஆப்பிள் விக்கற விரல் நீள ஹெட்ஃபோன் அடாப்டரை அளந்து பாத்தா சத்தத்துக்கும் குப்பைக்கும் நடுவுல 99 டெசிபெல் வருது. 16 பிட் சிடியோட தத்துவ எல்லையே 98. டாக்குங்கற பொருளை நல்லாச் செய்யறது கஷ்டமா இருந்த காலம் முடிஞ்சு போச்சுங்கறதுக்கு இதை விட சாட்சி வேணாம்.

காதால சோதிச்சவங்க என்ன சொல்றாங்க? 2007ல மேயர், மோரன்கற ரெண்டு பேர் உயர் தரப் பதிவை அப்படியே ஒரு தடவை, நடுவுல 16 பிட் சிடி தரத்துக்கு இறக்கி ஒரு தடவைன்னு மறைச்சு மறைச்சுக் கேக்க வச்சாங்க. 554 முயற்சியில 276 சரி. காசு சுண்டி விட்டாலும் அதே கணக்கு வரும். அந்த டிஸ்க்குகள்ல சிலதோட மூலமே உயர் தரம் இல்லைன்னு பின்னாடி விமரிசனம் வந்தது, நியாயமானதுதான். 2016ல ஜோஷுவா ரீஸ் 18 சோதனைகளைச் சேத்து, 12,500க்கு மேல முயற்சிகளை அலசினார். 52.3 சதவீதம் சரி. பயிற்சி எடுத்தவங்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம். ஆக, வித்தியாசம் சுத்தமா இல்லைன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இருபதாயிரத்தை எங்க போடறதுன்னு முடிவு பண்ற அளவுக்கு இல்லை.

அப்ப மாத்தி மாத்தி கேக்கறப்ப வெளி டாக் "திரை விலகின மாதிரி" இருக்குன்னு சத்தியம் பண்றாங்களே? முக்காவாசி நேரம் காரணம் வால்யூம். சிடி பிளேயர் காலத்துலேருந்து அவுட்புட் 2 வோல்ட்னு வழக்கம். பேலன்ஸ்டு அவுட்புட் இருக்கற டாக் 4 வோல்ட் குடுக்கும், அதாவது 6 டெசிபெல் கூட. அரை டெசிபெல் கூட இருந்தாலே காது அதை "சத்தம் ஜாஸ்தி"ன்னு சொல்லாது, "நல்லாருக்கு"ன்னு சொல்லும். சரியா ஒப்பிடணும்னா 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட விட்டு, ஸ்பீக்கர் முனையில மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு, ரெண்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டு வரணும். ஆயிரம் ஹெர்ட்ஸ் வேணாம், நம்ம கிட்ட இருக்கற முந்நூறு ரூபா மீட்டர் அவ்வளவு மேல பொய் சொல்லும். அப்புறம் எது ஓடுதுன்னு தெரியாம வேற ஆள் மாத்தி விடணும். வீட்டம்மா நாலாவது தடவைக்கு மேல வர மாட்டாங்க, பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஐஸ்கிரீம் லஞ்சம் குடுத்துக்கலாம்.

வெளி டாக் நெஜமாவே வித்தியாசம் காட்டற இடமும் இருக்கு. ராஸ்பெரி பை 2012ல வந்ததிலேருந்து நம்ம ஆளுங்க அதை ஸ்ட்ரீமரா ஓட்டறாங்க. பழைய மாடல்கள்ல இருக்கற ஹெட்ஃபோன் ஓட்டையில உருப்படியான டாக்கே கிடையாது, துடிப்பு அகலத்தை வச்சு ஒப்பேத்தறது. புஸ்ஸுன்னு இரைச்சல் காதால கேக்கலாம். அதுல ஒரு சின்ன டாக் அட்டையைச் சொருகினா பகலுக்கும் ராத்திரிக்கும் உள்ள வித்தியாசம். இன்னொண்ணு எர்த். சிப்காட் சுத்துப்பட்டு வீடுகள்ல வெல்டிங், மோட்டார்னு லைன்ல ஏகப்பட்டது ஓடும். கம்ப்யூட்டரும் ஆம்ப்பும் வேற வேற பிளக்குல, எர்த் ஒழுங்கா இல்லேன்னா ங்ஙொய்னு ஒரு ரீங்காரம். அங்க ஆப்டிக்கல் ஒயர் போட்டா மின்சாரத் தொடர்பே அறுந்து போறதால ரீங்காரம் போயிடும். இது டாக்கோட மகிமை இல்லை, கண்ணாடியோட மகிமை. பிளாஸ்டிக்குன்னும் சொல்லலாம்.

ஆனா நம்ம பாட்டுக்கு உண்மையான ஆபத்து டாக்குக்கு முன்னாடியே முடிஞ்சு போற விஷயம். அதே இளையராஜா பாட்டு எக்கோ எல்பில ஒரு மாதிரி, கேசட்ல ஒரு மாதிரி, பின்னாடி சத்தத்தை உப்ப வச்சுக் குடுத்த டிஜிட்டல் பதிப்புல வேற மாதிரி. பழைய கச்சேரி டேப்புகளை மாத்தினவங்க மெஷின் 3 சதவீதம் வேகமா ஓடியிருந்தா, பாடகரோட சுருதி கால் ஸ்வரம் ஏறிப் போயிடும். நாலரைக் கட்டைக்காரர் அஞ்சு கட்டையை எட்டிப் பாப்பார். சாதாரண டாக் கடிகாரத்தோட பிழை பத்து லட்சத்துக்கு 50 பங்கு. அந்த டேப்போட பிழை பத்து லட்சத்துக்கு 30,000. அறுநூறு மடங்கு. ரெண்டு லட்ச ரூபா டாக்கும் அந்தத் தப்பான சுருதியைத் துல்லியமா, பளிங்கு மாதிரிக் குடுக்கும்.

இப்ப தம்பியோட கேள்விக்கு வரேன். சவுண்டு ஒண்ணுதான்னா ஏன் ரெண்டா வாங்கச் சொன்னேன்?

ஸ்லிம் டிவைசஸை 2006ல லாஜிடெக் வாங்கினது. அதே வருஷம் வந்த டிரான்ஸ்போர்ட்டர் 2,000 டாலர். வீட்டு நெட்வொர்க் ஸ்ட்ரீமர்ல அவ்வளவு நல்ல டாக் வச்சது அப்ப பெரிய செய்தி, வெளியிலேருந்து வர்ற டிஜிட்டல் சிக்னலையும் வாங்கிக்கும். 2012ல லாஜிடெக் ஸ்குவீஸ்பாக்ஸ் வரிசையையே நிறுத்திடுச்சு. அதுங்களுக்கு இணையத்துல துணையா இருந்த சேவையை 2024ல மூடினாங்க. கூகுளோட குரோம்காஸ்ட் ஆடியோ 2015ல 35 டாலருக்கு வந்தது, ஆப்டிக்கல் அவுட்டும் உண்டு, விலைக்கு அற்புதம். 2019ல நிறுத்தினாங்க. 2025 மார்ச்சில பத்து வருஷ சான்றிதழ் ஒண்ணு காலாவதி ஆகி, உலகம் முழுக்க அந்த டப்பாக்கள் ஒரே நாள்ல ஊமையாச்சு. சில நாள்ல கூகுள் சரி பண்ணிட்டாங்க, ஆனா சர்வர் ரூம்ல ராத்திரி முழிச்சிருந்த எவனுக்கும் அந்தப் பயம் புரியும். டாக் ஒண்ணும் கெடலை. வோல்ட் ஒண்ணும் கெடலை. தேதி போயிடுச்சு, அவ்வளவுதான்.

டிரான்ஸ்போர்ட்டர் ஏன் இன்னிக்கும் சில வீட்டுல பாடுதுன்னா, ஸ்லிம் டிவைசஸ் ஆரம்பத்துலயே சர்வர் மென்பொருளைத் திறந்த மூலமா வச்சிருந்தாங்க. ஆர்வலர்கள் எடுத்து நடத்தி, 2024ல லிரியான்னு பேர் மாத்தி ஓட்டிக்கிட்டிருக்காங்க. ஒரே மாதிரி அடி வேர்ல்டுஸ்பேஸுக்கும் விழுந்தது, ஸ்குவீஸ்பாக்ஸுக்கும் விழுந்தது. ஒண்ணு காகிதம் பறக்காம வைக்க, இன்னொண்ணு இன்னும் பாட.

வெளி டாக்கைப் பாருங்க. ஆர்காம் பிளாக் பாக்ஸ் செஞ்ச காலத்து எஸ்பிடிஃப் ஓட்டையில இப்ப வாங்கின ஸ்ட்ரீமர் ஒயரைச் சொருகி சிடி தரத்துல பாட்டுப் போட்டா பாடும். அதுக்கு பாஸ்வேர்டு வேணாம், அப்டேட்டு வேணாம், சான்றிதழ் வேணாம். நான் தம்பிக்குச் சொன்ன பட்ஜெட் இதுதான்: ஸ்ட்ரீமர் பாதிக்கு ராஸ்பெரி பையோ, கையில கிடக்கற பழைய லேப்டாப்போ போதும், அதுல லிரியான் ஓட்டு. டாக் நாலாயிரம் ஐயாயிரத்துக்கு மேல போகாத. மிச்சக் காசு மொத்தமும் ஸ்பீக்கருக்கு. ஸ்பீக்கர்லதான் வித்தியாசம் கண்ணை மூடிக்கிட்டே சொல்லலாம்.

கொசுறு: சிடிக்கு ஏன் 44,100ன்னு ஒரு கோக்குமாக்கான எண்? 1970களோட கடைசியில டிஜிட்டல் சத்தத்தைப் பதிய ஹார்டு டிஸ்க்கெல்லாம் கட்டுப்படியாகாது. வீடியோ டேப்புலதான் பதிஞ்சாங்க, எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளியா மாத்தி. ஜப்பான், அமெரிக்கா டிவி முறையில செகண்டுக்கு 60 புலம், ஒவ்வொண்ணுலயும் உபயோகமாகற கோடு 245, கோட்டுக்கு மூணு எண். 60 × 245 × 3. நம்ம தூர்தர்ஷன் முறையில 50 புலம், 294 கோடு, மூணு எண். ரெண்டையும் பெருக்கிப் பாருங்க.